கட்டற்ற கணினியின் கதை – 17: விழுப்புரத்தில் எஞ்சின் மாறும்

சென்ற இதழில் லிலோ, கிரப் ஆகிய பூட் லோடர்களின் கதையைப் பார்த்தோம். கெர்னலை நினைவகத்தில் இறக்கிவைத்ததும் பூட் லோடரின் வேலை முடிந்துவிடுகிறது. அதற்கும், கடவுச்சொல் கேட்கும் பக்கம் திரையில் வருவதற்கும் நடுவே சில நொடிகள் இருக்கின்றன. எல்லாம் ஒழுங்காக நடந்தால் அந்த நொடிகளை யாரும் கவனிப்பதில்லை. எங்காவது பிசகினால் மட்டும் கருப்புத் திரையில், அடைப்புக்குறிக்குள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற ஒற்றைச் சொல் வந்து நிற்கும். லினக்ஸுக்குப் புதிதாக வந்த எத்தனையோ பேர் அந்தத் திரையோடு விண்டோஸுக்குத் திரும்பிவிட்டார்கள். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் லினக்ஸ் வேர்பிடித்ததைச் சொல்லும் முன் அந்தத் திரை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மீட்டர் கேஜ் காலத்தில் எழும்பூரில் ரயிலேறித் தெற்கே போனவர்களுக்கு, விழுப்புரம் சந்திப்பில் வண்டி சற்று நேரம் நிற்பதற்கான காரணம் தெரிந்திருக்கும். 1960-களில் தாம்பரத்துக்குத் தெற்கே போடப்பட்ட மின்பாதை விழுப்புரத்தோடு நின்றது. அதுவரை இழுத்துவந்த மின்சார எஞ்சினை அங்கே கழற்றிவிட்டு நீராவி எஞ்சினையோ டீசல் எஞ்சினையோ மாட்டுவார்கள். பெட்டியில் இருப்பவர்கள் இறங்க வேண்டியதில்லை. தேநீர் குடித்து முடிப்பதற்குள் வண்டி புறப்பட்டுவிடும். லினக்ஸ் எழும்போதும் இதுதான் நடக்கிறது. நினைவகத்திலேயே இருக்கும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னஞ்சிறு கோப்பு அமைப்பு முதலில் கெர்னலை ஓட்டிக்கொண்டு வருகிறது. ஹார்டு டிஸ்க்கில் உள்ள உண்மையான ரூட் பார்ட்டிஷன் கிடைத்ததும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிட்டு இது விலகிக்கொள்கிறது.

இத்தனை சுற்று எதற்கு? ஹார்டு டிஸ்க்கைப் படிக்க கெர்னலுக்கு ஒரு டிரைவர் வேண்டும். டிரைவர்களோ மாட்யூல்களாக அதே ஹார்டு டிஸ்க்கின் ரூட் பார்ட்டிஷனில்தான் இருக்கின்றன. தன் கணினிக்கென்று கெர்னலைத் தானே கம்பைல் செய்துகொள்பவருக்கு இது சிக்கலே இல்லை. வேண்டிய டிரைவரைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிடுவார். முன்பின் தெரியாத ஆயிரம் கணினிகளுக்கு ஒரே குறுந்தகட்டை அனுப்பும் வழங்கலுக்குத்தான் (டிஸ்ட்ரிப்யூஷன்) சிக்கல். யாருடைய மேசையில் எந்த வன்பொருள் இருக்கிறதென்று அதற்குத் தெரியாது.

தொடக்க காலத்தில் வழங்கல் என்று எதுவும் இல்லாததால் இந்தக் கேள்வியும் எழவில்லை. 1991-ல் லினக்ஸை ஓட்டிப் பார்க்க விரும்பியவர் கையில் இரண்டு ஃபிளாப்பிகள் இருக்கும். ஒன்றில் கெர்னல், மற்றொன்றில் ரூட். முதல் ஃபிளாப்பி ஓடி முடிந்ததும் இரண்டாவதைப் போட்டு எண்டர் தட்டச் சொல்லி வாசகம் வரும். ரூட் எந்தச் சாதனத்தில் இருக்கிறது என்பதை கெர்னல் பிம்பத்திலேயே குறித்துவைப்பார்கள்; மாற்ற வேண்டுமானால் 'ஆர்டெவ்' என்ற கருவியால் அந்த பைட்டுகளைத் திருத்த வேண்டும். அதே ஆண்டு டிசம்பர் 2-ம் தேதியிட்டு தியோடர் சோ எழுதிய ராம்டிஸ்க் நிரல், நினைவகத்தின் ஒரு துண்டை டிஸ்க் போலக் காட்டியது. ஃபிளாப்பியின் உள்ளடக்கத்தை அதில் ஏற்றிவிட்டால் டிரைவ் காலியாகிவிடும். பின்னால் வந்தவை அனைத்துக்கும் விதை இந்த நிரல்தான்.

நெருக்கடி 1990-களின் நடுவில், டிஸ்க்குகளை இணைக்கும் ஸ்கஸி அட்டைகளின் உருவில் வந்தது. அடாப்டெக், பஸ்லாஜிக் என்று கம்பெனிக்கு ஒரு அட்டை, அட்டைக்கு ஒரு டிரைவர். எல்லாவற்றையும் கெர்னலில் திணித்தால் 1.44 எம்பி ஃபிளாப்பியில் அது அடங்காது. அடக்கினாலும் ஒரு டிரைவர் தன் அட்டையைத் தேடப் போய் வேறொரு அட்டையைத் தொட்டு, கணினி அப்படியே உறைந்துவிடும். 1996-ல் இதற்கு வழி கண்ட இருவரும் பூட் லோடர் எழுதியவர்கள் என்பதைக் கவனியுங்கள். வெர்னர் ஆல்மெஸ்பெர்கர், போன இதழில் பார்த்த லிலோவின் ஆசிரியர். ஹான்ஸ் லெர்மென், டாஸிலிருந்து லினக்ஸைக் கிளப்பும் லோட்லினின் ஆசிரியர். பூட் லோடர் கெர்னலை மட்டும் கொண்டுவந்தால் போதாது, கூடவே ஒரு சின்ன ராம்டிஸ்க்கையும் தூக்கிவரட்டும். தேவையான மாட்யூல்கள் அதில் இருக்கட்டும் என்றார்கள். அதுதான் இனிட்ஆர்டி. கெர்னல் 2.0 வெளியானபோது அது உள்ளே இருந்தது. ரெட் ஹேட்டில் எரிக் ட்ரோவன் எழுதிய 'எம்கேஇனிட்ஆர்டி' அந்தப் பிம்பத்தைத் தானாகவே கட்டிக்கொடுத்தது. அதன்பிறகு ஸ்கஸி வைத்திருப்பவர் கெர்னலைக் கம்பைல் செய்யாமலே லினக்ஸ் நிறுவ முடிந்தது.

இனிட்ஆர்டி ஒரு முழு டிஸ்க் பிம்பம். அதன் அளவை முன்கூட்டியே நிர்ணயித்தாக வேண்டும். வழக்கமாக 4096 கேபி. கோப்பு கொஞ்சமாக இருந்தால் மீதி இடம் வீண், அதிகமானால் கொள்ளாது. டிஸ்க் என்று காட்டிக்கொண்டதால் கெர்னல் அதையும் டிஸ்க்காகவே நடத்தி, நினைவகத்தில் ஏற்கெனவே இருப்பதற்கு நினைவகத்திலேயே இன்னொரு நகலும் வைத்துக்கொண்டது. 2002 நவம்பரில், 2.5.46 பதிப்பில் அல் விரோ கொண்டுவந்த இனிட்ராம்எஃப்எஸ் டிஸ்க் வேஷத்தையே கலைத்தது. பிம்பம் என்பது இனி ஒரு சிபிஐஓ கட்டு மட்டுமே. கெர்னல் அதை அவிழ்த்து நினைவகத்தில் நேரடியாகக் கோப்புகளாகப் பரப்பிவிடும். டார் இருக்க சிபிஐஓ எதற்கு என்று அப்போதே கேள்வி எழுந்தது. சிபிஐஓ யூனிக்ஸில் 1970-களிலிருந்தே இருக்கும் பழைய வடிவம். அதைப் பிரிக்கும் நிரல் கெர்னலுக்குள் சில பக்கங்களில் அடங்கிவிடும் அளவுக்கு எளியது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. ஒரு கட்டின் முடிவில் இன்னொரு கட்டை ஒட்டிவைத்தால் கெர்னல் இரண்டையும் வரிசையாகப் பிரித்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டை 2013-ல் இன்டெல் பொறியாளர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். பிம்பத்தின் முன்னால் சுருக்கப்படாத ஒரு சிறு கட்டில் பிராசஸருக்கான மைக்ரோகோடை வைத்துவிட்டால், கெர்னல் எழும் முதல் கணத்திலேயே அது ஏறிவிடும். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் ஓட்டைகள் வெளியே தெரிந்தபோது, பயாஸ் புதுப்பிப்பு வர வாய்ப்பே இல்லாத பழைய கணினிகளுக்கும் திருத்தப்பட்ட மைக்ரோகோடு இந்த வழியில்தான் போய்ச் சேர்ந்தது. கைவிடப்பட்ட கணினிகளை வைத்துக்கொண்டு கற்றவர்கள் நிறைந்த நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல.

இனி நம் ஊருக்கு வருவோம்.

சென்னையில் 1998-ல் தொடங்கிய இந்திய லினக்ஸ் பயனர் குழுவைப் பற்றி முந்தைய இதழ்களில் விரிவாக எழுதியிருக்கிறேன். அடுத்த பத்தாண்டில் அரசும் இந்தப் பக்கம் திரும்பியது. சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2007 ஜனவரியில் மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்திலிருந்து 'பாஸ்' என்ற லினக்ஸ் வழங்கலின் முதல் பதிப்பு வந்தது. அது டெபியனை அடித்தளமாகக் கொண்டது. அதே ஆண்டு ஏப்ரலில் வெளியான டெபியன் 4.0, பழைய இனிட்ஆர்டி கருவிகளை விட்டுவிட்டு 'இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்' தொகுப்புக்கு மாறியிருந்தது. உபுண்டுவுக்காக எழுதப்பட்டு 2005-ல் அதில் முதலில் இடம்பெற்ற தொகுப்பு அது. அந்த வழியில் பாஸுக்கும் அதுவே வந்தது.

2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் டூ படித்தவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் அவை போய்ச் சேர்ந்தன. விண்டோஸும் பாஸ் லினக்ஸும் அருகருகே நிறுவப்பட்ட மடிக்கணினிகள். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி, இரண்டு ஊர்களிலும் உள்ள அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகள் போன்றவற்றில் படித்த பலருக்கு வாழ்க்கையில் முதல் கணினி அதுதான். அவர்கள் வீட்டில் யாரும் அதற்கு முன் கணினி வைத்திருந்ததில்லை. பவர் பொத்தானை அழுத்தியதும் வரும் மெனுவில் லினக்ஸ் என்ற வரியை அவர்கள் கேட்டு வாங்கவில்லை. தானாக வந்து சேர்ந்தது.

எல்காட் டெண்டர் மூலம் பல நிறுவனங்களிடம் மடிக்கணினிகளை வாங்கியது. ஆண்டுக்கு ஆண்டு மாடலும் மாறியது. அத்தனையிலும் பாஸ் எழுந்து நின்றாக வேண்டும். டெபியன் வழியில் அதைச் சாத்தியமாக்குவது 'இடிசி' கோப்புறைக்குள், இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் அமைப்புக் கோப்பில் உள்ள ஒரு வரி. 'மாட்யூல்ஸ்' என்று இருக்கும். அதற்கு எதிரே 'மோஸ்ட்' என்று போட்டிருக்கும். எந்த டிஸ்க், எந்தக் கோப்பு அமைப்பு, எந்த யூஎஸ்பி விசைப்பலகை வந்தாலும் சமாளிக்கும்படி பெரும்பாலான டிரைவர்களையும் பிம்பத்தில் சேர்த்துக்கொள் என்பது அதன் பொருள். அதையே 'டெப்' என்று மாற்றினால், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் இந்த ஒரு கணினிக்குத் தேவையானது மட்டும் உள்ளே போகும். 'லிஸ்ட்' என்றால் பக்கத்தில் உள்ள 'மாட்யூல்ஸ்' கோப்பில் நாம் எழுதிவைத்த பெயர்கள் மட்டும். 'நெட்பூட்' என்றால் டிஸ்க்கே இல்லாமல் வலையமைப்பு வழியாக ரூட்டை எடுக்கும் கணினிகளுக்கு. டெபியன் நிறுவியை எக்ஸ்பர்ட் முறையில் ஓட்டினால் இதையே ஒரு கேள்வியாகக் கேட்கும்: எல்லா டிரைவர்களும் வேண்டுமா, இந்த அமைப்புக்குத் தேவையானவை மட்டுமா?

வரியை மாற்றினால் மட்டும் போதாது. 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளையைக் கொடுத்தால்தான் பிம்பம் புதிதாகக் கட்டப்படும். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க 'எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்' உண்டு. ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிஸிபாக்ஸ் இருக்கும்; 1995-ல் புரூஸ் பெரன்ஸ், டெபியன் நிறுவும் ஃபிளாப்பிக்காகத் தொடங்கிய அந்த ஒற்றை நிரலுக்குள் நூற்றுக்கணக்கான யூனிக்ஸ் கட்டளைகள் அடக்கம். வன்பொருளைக் கண்டறியும் யூடெவ் இருக்கும். 'ஸ்கிரிப்ட்ஸ்' கோப்புறையில் எந்தக் கட்டத்தில் எது ஓட வேண்டும் என்ற வரிசை இருக்கும். கடைசியில் வருவது 'ரன்-இனிட்' என்ற குட்டி நிரல். ரூட் கிடைத்ததும், நினைவகத்தில் பரப்பிய அத்தனை கோப்புகளையும் அழித்து இடத்தைக் காலிசெய்துவிட்டு, உண்மையான 'இனிட்' நிரலிடம் பொறுப்பைக் கொடுத்துவிடும்.

இந்த வட்டாரத்தில் லினக்ஸை ஊன்றியதில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு. விக்லக் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இப்படி ஒரு குழு சென்னையிலோ பெங்களூருவிலோ அமைந்தால் யாரும் வியக்க மாட்டார்கள். மாவட்டத் தலைநகரில், கிராமங்களிலிருந்து பேருந்தேறி வரும் மாணவர்களுக்காக இலவச வகுப்பு நடத்துவது வேறு வகை உழைப்பு. 2012-ல் தொடங்கிய 'கணியம்' இதழ் கட்டற்ற மென்பொருள் பாடங்களைத் தமிழிலேயே கொடுத்தது. ஆங்கிலக் கையேடு திறக்க முடியாத கதவாக இருந்தவர்களுக்கு இந்த இரண்டும் கிடைத்தன.

இப்படிக் கற்பவர்கள் அந்தப் பிம்பத்தோடு முட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. முதலாவது, கற்கத் தொடங்கியவர் ஒரு வழங்கலோடு நிற்க மாட்டார். பாஸுக்குப் பக்கத்தில் உபுண்டு, அதற்குப் பக்கத்தில் டெபியன் என்று ஒரே ஹார்டு டிஸ்க்கில் மூன்றை நிறுவிப் பார்ப்பார். புதிதாக நிறுவும்போது, ஏற்கெனவே உள்ள ஸ்வாப் பார்ட்டிஷனை டெபியன் நிறுவி கேட்காமலே ஃபார்மட் செய்துவிடும். அதில் கோப்பு எதுவும் இல்லாததால் இழப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஃபார்மட் ஆனதும் அதன் அடையாள எண்ணான யூயூஐடி மாறிவிடுகிறது. பழைய வழங்கலின் இனிட்ராம்எஃப்எஸ் பிம்பத்திலோ பழைய எண்தான் இருக்கிறது. உறக்கநிலையிலிருந்து மீள அந்த ஸ்வாப்பைத் தேட வேண்டுமென்று 'ரிஸ்யூம்' என்ற சிறு கோப்பில் எழுதிவைத்திருக்கும். 2017 வாக்கில் வந்த பதிப்புகளிலிருந்து, அந்தச் சாதனம் கிடைக்காவிட்டால் 30 நொடி காத்திருந்துவிட்டு, சலித்துப்போய் மேலே செல்லும். மடிக்கணினி பழசாகிவிட்டது, ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று மாணவர் நினைத்துக்கொள்வார். 'ரிஸ்யூம்' கோப்பில் புதிய எண்ணை எழுதி அல்லது 'நன்' என்று போட்டு, பிம்பத்தை மறுபடி கட்டினால் அந்த 30 நொடி போய்விடும். அந்தக் கோப்பு இருப்பது தெரியாமல் எத்தனை கணினிகள் மெதுவானவை என்று ஒதுக்கப்பட்டிருக்குமோ என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது மின்வெட்டு. 2012-ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாமல் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். மடிக்கணினிக்கு பேட்டரி உண்டு. யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினி பொத்தென்று அணையும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு அமைப்பு பாதியில் நிற்கும். அப்போதெல்லாம் ரூட்டைச் சரிபார்க்கும் வேலை, ரூட் ஏறிய பிறகுதான் நடந்தது. 2015 ஏப்ரலில் வந்த டெபியன் 8 அதை மாற்றி, ரூட்டை மவுண்ட் செய்யும் முன்பே இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளிருந்து சரிபார்க்கத் தொடங்கியது. முறை சரியானது, பாதுகாப்பானது. ஆனால் தானாகச் சரிசெய்ய முடியாத பழுது என்றால் அது அங்கேயே நின்றுவிடும். பிஸிபாக்ஸ் ஷெல்லும் அடைப்புக்குறிக்குள் அந்தச் சொல்லும் வரும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியதே, அப்படிப்பட்ட நாட்களில் அணைந்த கணினிகள் மின்சாரம் வந்ததும் காட்டக்கூடிய திரை இதுதான். செய்ய வேண்டியது, திரையில் சொல்லப்பட்டிருக்கும் பார்ட்டிஷனின் பெயரோடு 'எஃப்எஸ்சிகே' கட்டளையைக் கொடுத்து, கேட்கும் கேள்விகளுக்கு 'ஒய்' சொல்லி, முடிந்ததும் 'எக்ஸிட்' என்று தட்டுவது. பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் அந்தத் திரையில் தமிழ் இல்லை. லினக்ஸின் எழுத்துக் கன்சோல் அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். உயிர்மெய்யைக் கோக்கும் வேலையும் அதற்குத் தெரியாது. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து வந்த பிள்ளை, நிறுவும்போது தமிழில் பேசிய கணினி சிக்கல் வந்தவுடன் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவதைப் பார்க்கிறது. இந்தக் குறை இன்னும் தீரவில்லை.

மூன்றாவது, டிஸ்க் மாற்றம். ஒரு மடிக்கணினியின் மதர்போர்டு போய்விட்டால் அதன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் போட்டுக்கொள்வது நம் ஊர் வழக்கம். பிம்பம் 'மோஸ்ட்' என்று கட்டப்பட்டிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாமலே எழுந்துவிடும். 'டெப்' என்றிருந்தால், புதிய கணினியின் டிஸ்க் கன்ட்ரோலருக்கான மாட்யூல் உள்ளே இருக்காது. ரூட்டுக்காகக் காத்திருந்து, கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடும்.

'டெப்' பக்கமும் நியாயம் உண்டு. பிம்பம் சிறியதாகும், கொஞ்சம் வேகமாக எழும். முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் செய்து, பூட் பார்ட்டிஷனைத் தனியே சிறியதாக வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பிலும் ஒரு பெரிய பிம்பம் சேர்ந்து, கடைசியில் இடமில்லாமல் பாதியில் நின்றுவிடும். அப்படிப்பட்டவர்கள் 'டெப்' போட்டுக்கொள்ளலாம். அல்லது பழைய கெர்னல்களை நீக்கலாம். இது இன்னும் நல்ல வழி. ரெட் ஹேட்டில் ஜெரமி காட்ஸ் தொடங்கி, 2009 நவம்பரில் ஃபெடோரா 12-ல் நுழைந்த டிராகட் வேறு வழியில் போனது. யூடெவ் அறிவிக்கும் நிகழ்வுகளைப் பின்பற்றி ரூட்டைத் தேடும் முறை அது. அன்றாடப் பிம்பத்தை இந்தக் கணினிக்கு மட்டுமாகச் சுருக்கி, எல்லா டிரைவர்களும் உள்ள மீட்புப் பிம்பம் ஒன்றைத் தனியே வைக்கும் பழக்கத்தை ஃபெடோரா பின்னர் கொண்டுவந்தது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-ம் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸை விட்டு டிராகட்டுக்கு மாறிவிட்டது. தான் எழுதி உலகுக்குக் கொடுத்த கருவியை உபுண்டு இருபது ஆண்டுகள் கழித்துக் கைவிட்டது. டெபியனில் அது இன்னும் இருக்கிறது.

என் தீர்ப்பு இது: விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில், இரண்டு மூன்று கைமாறி வந்த கணினிகளில் லினக்ஸ் நிறுவுபவர்கள் 'மோஸ்ட்' என்ற அந்த வரியைத் தொடாமல் விடுவதே சரி. சில எம்பி இடம் மிச்சமாகும் என்பதற்காக, நாளை வேறொரு கணினியில் எழ முடியாத டிஸ்க்கை உண்டாக்கிக்கொள்ள வேண்டாம். கல்லூரி ஆய்வகத்தில் இருபது முப்பது கணினிகளுக்கு ஒரே பிம்பத்தைப் பிரதி எடுக்கும் ஆசிரியர்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

அமைப்புக் கோப்பைத் திருத்திப் பார்க்க விரும்புகிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: கிரப் மெனுவில் பழைய கெர்னல் ஒன்றை எப்போதும் விட்டுவையுங்கள். பிம்பத்தைக் கட்டும் கட்டளையை அந்தக் கெர்னலுக்குக் கொடுக்காதீர்கள். புதியது எழாவிட்டால் பழையது எழும். அடைப்புக்குறித் திரை வந்தால் கணினியை அணைக்கும் முன் அதில் எழுதியிருப்பதைப் படமெடுத்து, பக்கத்தில் உள்ள பயனர் குழுவிடம் காட்டுங்கள்.

அடுத்த இதழில்: டெபியன் நிறுவி தமிழில் பேசத் தொடங்கிய கதை.